ஐந்து கிராம்

கையில் இருப்பது நடுங்குகிறதா
கையே நடுங்குகிறதா என்று
தெரியாமல் போன காலை அது.

அக்டோபர். பால்ஸ்டர்பூ முனை.
கலங்கரை விளக்கத் தோட்டத்து வலையில்
விடியுமுன் விழுந்தவை நாற்பத்தொன்று.
பொன்னுச்சிக் குருவி ஒன்றின் எடை ஐந்து கிராம்,
கடலைத் தாண்டப் போகிற ஐந்து கிராம்.
அதன் காலில் வளையம் பூட்டும் இடுக்கி
என் வலக்கையில்
இல்லாத பாட்டுக்குத் தாளம் போட்டது.
யெஸ்பர் பார்த்தான்.
பார்க்காத மாதிரி தராசைத் துடைத்தான்.
சுத்தமாக இருந்த தராசு.

எனக்கு நாற்பத்தொன்பது வயது.
"ஆரம்பநிலைதான்" என்றார் நரம்பு மருத்துவர்,
லாட்டரியில் சின்னப் பரிசு விழுந்ததைச் சொல்லும் குரலில்.
மாத்திரைக்குக் கேட்டது.
மூன்று வருஷம் நன்றாகவே கேட்டது.
பிறகு ஏழு மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று;
இரண்டுக்கும் நடுவில்
குன்வோர் என்கிற பெண்
வந்து போகும் விருந்தாளி.

மூளைக்குள் மின்கம்பி என்ற பேச்சு வந்ததும்
ஹோகன் சொன்னான்: பொறு.
இன்னும் கொஞ்சம் முடியாமல் போகட்டும், பார்க்கலாம்.
வழக்கமும் அதுதானாம்,
எல்லாம் கைவிட்டபின் தட்டுகிற கடைசிக் கதவு.
ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டோம்.
அவன் பக்கமும் நியாயம் இருந்தது:
ரத்தக்கசிவு, நூற்றில் ஒன்றோ இரண்டோ.
அந்த ஒன்றோ இரண்டோவுக்கு
என் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறான், பாவம்.
என் பக்கம் இருந்தது ஒரு பதிவேடு:
இந்த இலையுதிர்காலம்
என் கையால் வளையமிட்டவை
பூஜ்யம்.

"நோயை இது நிறுத்தாது."
டாக்டர் மிர்ஸாயி மூன்று முறை சொன்னார்.
நான்காம் முறை என்னைச் சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
பத்து இலையுதிர்காலம் கிடைத்தால் போதும் என்றேன்.
எண்ணிக்கை எல்லாம் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன் என்றார்.
அதற்காகவே அவரை நம்பினேன்.

லுண்ட். மே மாதம்.
தலையைச் சட்டத்தில் வைத்து நான்கு திருகு முடுக்கினார்கள்.
இப்போது வளையம் எனக்கு.
விழித்தே இருக்க வேண்டுமாம்.
துரப்பணத்தின் சத்தம் காதில் கேட்பதில்லை,
பல்லில் கேட்கிறது.
அப்புறம் ஒலிபெருக்கியில் என் அணுக்கள்
சோளம் பொரிவதுபோல் பேசின.
ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு
இன்றுதான் அவற்றின் குரலைக் கேட்கிறேன்.

"விரலைத் தட்டுங்கள்."
தட்டினேன். சேற்றில் நடப்பது போல.
"இப்போது?"
தட்டினேன்.
யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்,
திரைச்சீலை நின்றுவிட்டது.
"அழுவதானால் அழுங்கள்" என்றார் செவிலி யெல்வா,
"கையை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்."

கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு தீப்பெட்டி கனம்.
செவ்வாய்க்கிழமைகளில் சோபாவில் உட்கார்ந்து
என்னைச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறேன்.
ஹோகன் முதலில் அறையை விட்டுப் போவான்.
இப்போது ஒயரைச் சரியாக மடித்து வைப்பது அவன்தான்.

மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினால் கை தெளிகிறது,
நாக்கு குழறுகிறது;
ஹோகனின் பெயரில் ஓர் எழுத்து கீழே விழுந்துவிடுகிறது.
குறைத்தால் பெயர் முழுசாகத் திரும்பி வருகிறது,
சுண்டுவிரல் ஆடுகிறது.
மூன்று மாதம் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள்.
பெயரை வைத்துக்கொண்டேன்.
சுண்டுவிரல் ஆடிவிட்டுப் போகட்டும்.

மறுபடி அக்டோபர்.
வலையிலிருந்து எடுத்த முதல் பொன்னுச்சி
என் உள்ளங்கையில் நடுங்கியது.
அதுதான் நடுங்கியது.
இத்தனை பயமா என்னிடம் உனக்கு?
வளையத்தை அழுத்தினேன், எண்ணைப் படித்தேன்,
கையைத் திறந்தேன்.
ஒரு நொடி அங்கேயே உட்கார்ந்திருந்தது.
பிறகு டென்மார்க் பக்கம்.

அடுத்தது நீலப் பட்டாணிக்குருவி. போக்கிரி.
ஆடிக்கொண்டிருந்த சுண்டுவிரலைப் புழு என்று நினைத்ததோ என்னவோ,
நறுக்கென்று கடித்தது.
வாயில் வந்த வசவு
ஓரெழுத்தும் விழாமல்
தோட்டம் முழுக்கக் கேட்டது.
யெஸ்பர் சிரித்துக்கொண்டே
பதிவேட்டில் எழுதினான்.